அக்காவின் மேடும் மீட்டர்க்காரர் வழியும்

என் அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். கோபம் வந்தால் கத்த மாட்டாள், தையல் மிஷினை வேகமாக மிதிப்பாள். வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டாலே போதும், இன்றைக்கு அவளிடம் வாய் கொடுக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரிந்துவிடும். எனக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. நான் கோபப்பட்டால் தெருமுனை வரை கேட்கும். அவள் வெட்டித் தைப்பாள், நான் காஜா எடுத்துப் பட்டன் வைப்பேன். இரண்டு பேரையும் ஒரே தாய்தான் பெற்றாள் என்றால் நம்பாதவர்கள் இருக்கிறார்கள்.

அக்காவிடம் ஒரு பழக்கம். எந்த உடுப்பைத் தைத்தாலும் மடிப்புக்குள்ளே கொஞ்சம் துணியை விட்டுவைப்பாள். பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிட்டு இன்னொரு வருஷம் போடட்டும் என்பாள். மற்ற தையல்காரர்கள் அதை வீண் துணி என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்னறையில்தான் தையல். நான்கு மிஷின், எங்களோடு சேர்ந்து தைக்கும் இரண்டு பெண்கள், வெட்டுகிற மேசை, துணிக்கட்டு. ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி உட்கார வேண்டும். மழை பெய்தால் கதவுக்கு அடியில் தண்ணீர் வந்து துணியைத் தேடும். அப்படியிருக்கும்போது பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளிக்கூடத்து வேலை கைக்கு வந்தது. அடுத்த மழைக்குள் இடம் பெரிதாக வேண்டும்; இல்லாவிட்டால் வேலை நகரத்துக் கம்பெனிக்குப் போய்விடும், அதோடு அந்த இரண்டு பெண்களும் வேறு வேலை தேட வேண்டியதுதான். அக்கா அதனால்தான் வீட்டுக்குப் பின்னால் கிடந்த நிலத்தை வாங்கினாள். பள்ளமும் புதருமான நிலம். நடுவில் மட்டும் நீளமாக ஒரு மேடு. எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மேட்டில் தண்ணீர் நிற்காது. அங்கே ஒரு தையல் கொட்டகை போட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்த மேட்டின் மேல்தான் மீட்டர்க்காரர் நடந்துகொண்டிருந்தார்.

மேற்கு எல்லையில் அவர் வீடு. கிழக்கே பெரிய சாலை, பஸ் நிறுத்தம், டீக்கடை. சாலைக்குப் போக குளத்தைச் சுற்றி ஒரு பாதை உண்டு. ஆனால் எங்கள் நிலத்தின் குறுக்கே போனால் பாதித் தூரம்தான். பழைய சொந்தக்காரர் வெளியூர். அவர் வந்து பார்த்ததும் இல்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

மீட்டர்க்காரர் மின்சாரக் கணக்கு எடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் யார் வாசலிலும் காத்து நின்றது கிடையாது. "மீட்டர்" என்று ஒரு குரல் கொடுப்பார். குரல் உள்ளே போய்ச் சேரும் முன் ஆள் உள்ளே போயிருப்பார். மாடிப்படிக்கு அடியில், சமையலறைக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகையில், பெட்டி எங்கே மாட்டியிருந்தாலும் நேராகப் போய் நிற்பார். வேலை ஓய்ந்தது, கால் ஓயவில்லை. அவர் மனைவி நல்ல மாதிரி. ஒருநாள் தையலுக்குத் துணி கொடுக்க வந்தவர், "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் ஒரு கதவையும் தட்டினதில்ல. குளியலறைக் கதவைக்கூட" என்று சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் நிலம் வாங்கிய புதிதில் அவர் போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சண்டை துணியில்தான் தொடங்கியது.

வெள்ளைச் சட்டைத் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் தைத்த பிறகு முதல் துவைப்பில் சுருங்கி, பிள்ளைகள் தொப்புளைக் காட்டிக்கொண்டு திரிவார்கள். முன்பெல்லாம் மொட்டை மாடியில் காயப்போடுவோம். நிலம் வந்த சந்தோஷத்தில் ஒரு முழுக்கட்டையும் நனைத்து மேட்டுப் புல்லின்மேல் நீளமாக விரித்திருந்தோம். மீட்டர்க்காரர் வந்தார். சுற்றிப் போக இடம் இருந்தது. அவர் சுற்றவில்லை. துணியின் இந்த நுனியில் ஏறி அந்த நுனியில் இறங்கினார், சேற்றுச் செருப்போடு.

"துணி மேல ஏறி நடக்கறீங்களே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன்.

"வழியில துணியை விரிச்சது யாரு?" என்றார். நின்றுகூடச் சொல்லவில்லை, போய்க்கொண்டே சொன்னார்.

அதை நான்தான் துவைத்தேன். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் மங்கலாக ஒரு தடம் இருந்துகொண்டே இருந்தது. கடைசியில் அக்கா அந்தத் துணியை வெட்டிச் சட்டைப் பைகளின் உள்பக்கத்துக்கு வைத்துத் தைத்தாள், வெளியே தெரியாமல். அந்தச் செருப்பை இன்றைக்கும் நான் அடையாளம் சொல்வேன். வலது குதியில் பிறை மாதிரி தேய்ந்திருக்கும்.

அக்கா முள்கம்பி போட்டாள். அவர் ஒரு கவைக்குச்சியால் கம்பியைத் தூக்கிவிட்டுக் குனிந்து வந்தார். மீட்டர்ப் பெட்டிகளுக்காகக் குனிந்து குனிந்து பழகிய முதுகு. கொட்டகைக்கு முளைக்குச்சி அடித்து நூல் கட்டினோம். மறுநாள் குச்சிகள் எல்லாம் பிடுங்கி, மண் தட்டி, நூலை உருண்டையாகச் சுற்றி, எங்கள் பின்வாசல் படியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எனக்கு அந்த அடுக்கி வைத்த ஒழுங்கைப் பார்த்துத்தான் ரத்தம் கொதித்தது. தூக்கி எறிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

நிலம் அளக்கிறவரைக் கூட்டி வந்தோம். சங்கிலி போட்டு அளந்து, "இடம் உங்களோடதுதான். ஆனா ரொம்ப வருஷமா நடக்கறாரு. வழக்குன்னு போனா அது பாட்டுக்கு இழுக்கும். பேசித் தீர்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பேசித் தீர்க்க எதிராளி நிற்க வேண்டுமே. அவர்தான் நடந்துகொண்டே இருக்கிறாரே.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்கன்னுதான் சொல்றோம்" என்றாள் அக்கா ஒருநாள், கம்பி ஓரத்தில் நின்று.

"நடக்கறதுக்கு நான் யாரைக் கேக்கணும்?" என்றார் அவர். அன்றைக்கு மிஷின் ஓடிய ஓட்டத்தில் ஊசி இரண்டு உடைந்தது.

நாய் வளர்த்துப் பார்த்தோம். ஊரில் உள்ள அத்தனை நாயையும் சமாளித்து ஓய்வு பெற்ற மனுஷனிடம் நாயை விட்டது எங்கள் முட்டாள்தனம். சட்டைப் பையில் பிஸ்கட் தூள் வைத்திருந்தார். மூன்றாவது நாள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவரைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது. அக்கா நாயைக் கேட்டு வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் யாரோ கூஸ் வாத்தைப் பற்றிச் சொன்னார்கள். வெள்ளையாக, நீளக் கழுத்தோடு இருக்கும் பெரிய வாத்து. தெரியாத ஆள் வந்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு துரத்தும், கடிக்கும், பிஸ்கட்டுக்கெல்லாம் மசியாது என்றார்கள். குஞ்சாகவே வாங்கி வந்தோம். மேற்குக் கம்பியோரமாக வலையடித்து வளர்த்தோம். காலையில் தீனி போடுவது என் வேலை.

காலையில் இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. மீட்டர்க்காரர் கம்பிக்குள் குனியும் நேரமும் அதுதான். ஒரு கையால் தவிட்டை அள்ளிப் போட்டுக்கொண்டே அவரோடு சண்டை போடுவேன். அவரும் சளைத்தவர் இல்லை. வலையருகே நின்று, பஸ்ஸில் பின்சீட்டுக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி சத்தம் போடுவார். "வளர்ந்து வரட்டும், அப்புறம் தெரியும் சேதி" என்பேன். "வளரட்டும் வளரட்டும்" என்பார். குஞ்சுகள் தலையைத் தூக்கி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தின்னும். அக்கா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "தீனி போடற நேரத்துல எதுக்குடி சண்டை, சாப்பிட்டா உடம்புல ஒட்ட வேண்டாமா?" என்பாள். வாத்துக்காகத்தான் கவலை, எனக்காக இல்லை.

வாத்துகள் வளர்ந்து ஆளாயின. வலையை அவிழ்த்துவிட்ட அன்று தைக்கிற பெண்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டு ஜன்னலில் வந்து நின்றார்கள். நான் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். மீட்டர்க்காரர் கம்பியைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தார். வாத்துகள் கழுத்தை நீட்டி, இறக்கையை விரித்து, ஊரே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடின. எனக்கு வயிறு குளிர்ந்தது. அவரும் ஒரு நொடி ஆடித்தான் போனார்.

"ஏய், என்ன இது?" என்று உரக்கக் கேட்டார்.

குரலைக் கேட்டதுதான் தாமதம், வாத்துகள் இறக்கையை மடக்கிவிட்டு அவரைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தன. தீனிக்கு நிற்கிற அதே நிற்பு. பிறகுதான் எனக்கு உறைத்தது. குஞ்சிலிருந்து அவை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் தின்றிருக்கின்றன. அவர் கத்தினால் சாப்பாடு வரும் என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். அவர் நடந்தார், வாத்துகள் வரிசையாகப் பின்னால் நடந்தன, டீக்கடை வரைக்கும்.

ஜன்னலில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்கு விக்கலே வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். நான் தவிட்டுக் கூடையை உதைத்துவிட்டு உள்ளே போனேன்.

மற்றவர்கள் விஷயத்தில் வாத்துகள் கடமை தவறவில்லை. துணி அளவு சொல்ல வந்த பள்ளிக்கூடத்துக் குமாஸ்தாவைத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற்றிவிட்டன. கொட்டகைக்கு இடம் பார்க்க வந்த கொத்தனாரைப் பின்பக்கம் கடித்தன. மீட்டர்க்காரருக்கு மட்டும் செல்லம். அவரும் இப்போது பையில் ரொட்டித் துண்டு வைத்திருந்தார். அவர் மனைவி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் கூப்பிட்டா காது கேக்காது. வாத்து கத்தினா மட்டும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறாரு" என்றார்.

வாத்து உறவு வேறு, வழி வேறு என்பதில் மனுஷன் தெளிவாக இருந்தார். மழைக்காலம் நெருங்குகிறது என்று அக்கா கொத்தனாரை வரச்சொல்லி மேட்டில் அஸ்திவாரக் குழி வெட்டச் செய்தாள். அவர் குழியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடந்தார். நாங்கள் பலகையை எடுத்து அவர் வீட்டுப் பக்கம் வைப்போம். காலையில் பலகை குழிமேல் இருக்கும். முதலைக்கும் மூர்க்கனுக்கும் கொண்டது விடாது என்று நான் அக்காவிடம் சொன்னேன். "அதுல நீயும் சேர்த்தியா?" என்று கேட்டாள்.

கல் வந்து இறங்குகிற அன்று காலை கொத்தனார் வந்து, "அம்மா, குழிக்குள்ள உங்க வாத்து உக்காந்திருக்கு, எழுந்திரிக்க மாட்டேங்குது" என்றார். போய்ப் பார்த்தோம். பெட்டை வாத்துகளில் பெரியது, குழிக்குள், அந்தப் பலகையின் நிழலில், வைக்கோலும் தன் இறகுமாகக் கூடு கட்டி அடை உட்கார்ந்திருந்தது. மேட்டில் எவ்வளவு இடம் இருந்தும் அதற்குப் பிடித்தது மீட்டர்க்காரர் போட்ட கூரை.

"தூக்கி வேற இடத்துல வைச்சுடலாம்" என்றேன்.

"அடை உக்காந்ததை எழுப்பக் கூடாது" என்றாள் அக்கா.

"மழை வந்துட்டா? பள்ளிக்கூடத்து வேலை போயிட்டா?"

அவள் பயந்திருந்தாள். எனக்குத் தெரியும். இரண்டு பெண்களின் முகத்தையும் அவள் அன்றைக்கு முழுக்க நேராகப் பார்க்கவில்லை. ஆனாலும் கல்லை ஓரமாக இறக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்தாள். மிஷின் மெதுவாகத்தான் ஓடியது.

மீட்டர்க்காரர் வழக்கம்போல் வந்தார். பலகைமேல் கால் வைக்கப் போனார். ஆண் வாத்து, அவர் பின்னாலேயே டீக்கடைக்குப் போய் வருகிற அதே வாத்து, பாய்ந்து அவர் கால்சட்டையைக் கவ்வி முழங்கால்வரை கிழித்துவிட்டது. அவர் கத்தினார். இந்தத் தடவை எதுவும் வாயைப் பிளக்கவில்லை. அவர் குனிந்து குழிக்குள் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடக் கூப்பிடாமல் விட்டுவிட்ட மாதிரி ஒரு வருத்தம். பிறகு திரும்பி, வந்த வழியே போய், குளத்தைச் சுற்றிக்கொண்டு சாலைக்குப் போனார். மனுஷன் சொல்லிக் கேட்காதவர் வாத்து சொல்லிக் கேட்டார்.

கிழிந்த கால்சட்டையை அவர் மனைவி கொண்டுவந்தார். "இதை நீ தைக்கணும்னு இல்லம்மா" என்றார். அக்கா வாங்கி, உள்பக்கம் துண்டு கொடுத்து, கிழிசல் இருந்த இடமே தெரியாமல் தைத்துக் கொடுத்தாள். நான் அதில் ஒரு பட்டன்கூட வைக்கவில்லை.

அடை உட்கார்ந்து முடியும்வரை இருபக்கமும் காத்திருந்தோம். நாங்கள் கட்டவில்லை, அவர் நடக்கவில்லை. கொத்தனார் வேறு வேலைக்குப் போவதாகச் சொன்னார். பிறகு என்னவோ, போகவில்லை என்று அவரே சொல்லி அனுப்பினார். மீட்டர்க்காரர் கொத்தனார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசியதாகப் பின்னால் தெரிந்தது. அங்கேயும் கேட்காமல்தான் உள்ளே போயிருப்பார்.

ஒருநாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பலகை போதாது, கூடு நனைந்துவிடும் என்று நான் சாக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். மேற்குக் கம்பியோரம் அவர் ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். கவைக்குச்சி கையில் இல்லை. கம்பியைத் தொடவும் இல்லை.

"முட்டை எத்தனை?" என்று கேட்டார். இத்தனை காலத்தில் பதிலுக்காக நின்று அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி.

"அஞ்சு" என்றேன்.

தகரத்தைக் கம்பிக்கு மேலே நீட்டினார். வாங்கிக்கொண்டுபோய் மூடினேன். நன்றி சொல்லவில்லை. வாய் வரை வந்தது, அந்த வெள்ளைத் துணி ஞாபகம் வந்து திரும்பிப் போய்விட்டது.

குஞ்சுகள் பொரித்து, தாயோடு குழியை விட்டு ஏறி வந்த அன்று சாயங்காலம் அக்கா வெட்டுகிற மேசையில் பழுப்புக் காகிதத்தை விரித்துத் தையல் சாக்கட்டியால் கொட்டகையை வரைந்தாள். மேற்குச் சுவரில் ஒரு கதவு. அதற்கு நேரே கிழக்குச் சுவரில் ஒரு கதவு. நடுவில் மிஷின்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி, ஆள் நடக்க இடம்.

"இது என்ன, கொட்டகையா, ரயில்வே பிளாட்பாரமா?" என்றேன்.

"கொஞ்சம் உள்ளே விட்டுத் தைக்கிறேன்" என்றாள். "யாராவது வளர்ந்தா உதவும்."

"இடம் கொடுத்தா மடம் பிடுங்குவாருக்கா."

"பிடுங்கட்டும் பார்க்கலாம்" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு கம்பியோரம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் கீரைப் பாத்தியில் இருந்தார். அக்கா காகிதத்தைக் காட்டினாள்.

"அண்ணே, இந்தக் கதவுல வந்து அந்தக் கதவுல போயிடலாம். கொட்டகையும் நிக்கும், நீங்களும் நடக்கலாம். ஒண்ணே ஒண்ணு. வரலாமான்னு கேட்டுட்டு வரணும்."

அவர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வீட்டுக்குள் போய்விட்டார்.

மழைக்கு முன்னால் கொட்டகை எழுந்துவிட்டது. மிஷின்களை உள்ளே கொண்டுபோனோம். வெளிச்சம், காற்று, கை நீட்டினால் இடிக்காத இடம். தைக்கிற பெண்கள் முதல்நாள் நாற்காலியைச் சும்மாவே முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார்கள். மழை வந்தது, மேட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடியது, துணிக்கட்டு நனையாமல் இருந்தது. பள்ளிக்கூடத்து வேலை எங்களிடமே நின்றது. எனக்கு அதுவே போதும். இனி அந்த ஆள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

அவர் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் குளத்தைச் சுற்றிப் போனார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதைவிட சேறே மேல் என்று நினைத்திருப்பார். அக்கா கதவுக்கு நேரே கம்பியை அவிழ்த்துவிட்டு, தினமும் காலையில் மேற்குக் கதவைத் திறந்து வைத்தாள். சாயங்காலம் சாத்தும்போது, "கதவு சும்மா கிடக்குது" என்பாள். வாத்துகளும் அந்தக் கதவருகேதான் படுத்திருந்தன.

ஒரு காலை, மழை விட்டிருந்தது. நான்கு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா ஒரு சட்டையின் கழுத்துக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள், வாய் நிறைய குண்டூசி. வெளியே வாத்துகள் கத்தின. துரத்துகிற கத்தல் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேற்குக் கதவுக்கு வெளியே மீட்டர்க்காரர் நின்றிருந்தார், அக்கா தைத்துக் கொடுத்த கால்சட்டையோடு.

உள்ளே வரவில்லை. கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அக்கா மிஷினை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக மற்ற மிஷின்களும் நின்றன. அவர் தரையைப் பார்த்தார். வெட்டிய வெள்ளைத் துணி வழியெல்லாம் பரவிக் கிடந்தது. தொண்டையைச் செருமினார்.

"வரலாமா?" என்றார். வலைக்கு அருகில் நின்று கத்திய குரல் இல்லை அது. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

அக்கா பதில் சொல்ல வாயைத் திறக்க முடியாது, அவ்வளவு ஊசி. அவள் என்னைப் பார்த்தாள். இந்த நாளுக்கென்று நான் எவ்வளவோ பேச்சு சேர்த்து வைத்திருந்தேன். மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறேன். அதற்குள் அவர் குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். வலது கால் சட்டென்று வரவில்லை; இன்னும் குனிந்து கையால் இழுத்தார். அந்தப் பிறைத் தேய்மானம் எனக்கு நேராகத் தெரிந்தது.

என் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். தரையில் கிடந்த துணியை வாரி ஒரு பக்கமாக ஒதுக்கினேன்.

"வாங்கண்ணே" என்றேன். "செருப்பு இருக்கட்டும்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். வாத்துகள் வரிசையாக அவர் பின்னால் உள்ளே வந்தன, குஞ்சுகள் கடைசியில். கிழக்குக் கதவருகே புதுசாக மாட்டியிருந்த மீட்டர் பெட்டிக்கு முன்னால் கால் தானாக நின்றது. கண்ணைச் சுருக்கி எண்ணைப் படித்தார்.

"ஃபேன் கொஞ்சம் அதிகமா ஓடுது" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.